ஃபோர்மேன் ஜேம்ஸின் முழங்கால்

என் புருசன் ஜேம்ஸுக்குப் பொய் பேச வராது. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திக்கினு கூட நான் இத சொல்லுவேன். ஆனா அவரு கையில ஒரு நோட்டையும் பேனாவையும் குடுத்து, 'மணிக்கு ஒரு தரம் பாத்து எழுதி வைங்க'ன்னு சொன்னீங்கன்னு வெச்சுக்கோங்க, காலைல எட்டு மணிக்கே சாயங்காலம் அஞ்சு வரைக்கும் எழுதி முடிச்சுருவாரு. அது அவரு கணக்குல பொய்யே இல்ல. வேல செய்யிற லட்சணமே அதான்னு நெனச்சுக்கினு இருந்தாரு.

அம்பத்தூர் எஸ்டேட்ல லாரிக்கு ஸ்பிரிங் பண்ற ஒரு கம்பெனில முப்பத்திரெண்டு வருசம் இருந்தவரு. கடைசி பதினாலு வருசம் ஃபோர்மேன். ஃபர்னஸ் எத்தினி டிகிரி சூட்டுல கீதுன்னு மணிக்கு ஒரு தரம் எழுதணும். "அந்த ஃபர்னஸ் சத்தத்த வெச்சே எனக்குத் தெரியும் தாயி, மணிக்கு ஒரு தரம் எதுக்கு ஓடிக்கினு?"ன்னு என்கிட்ட கேப்பாரு. வாங்குற கம்பெனிலேர்ந்து இன்ஸ்பெக்டர் வராருன்னா, முந்தின நாளே நல்ல பீஸா பொறுக்கி, எண்ணெ தடவி, ஒரு டிரேல அடுக்கி வெச்சிருவாரு. வந்தவரு அத அளந்து பாத்துட்டு, டீயக் குடிச்சிட்டுப் போயிருவாரு. 'என் லைன்ல ஒரு ரிஜெக்ட் வந்ததில்ல'ன்னு ரிட்டயர் ஆன அன்னிக்கு மைக்கப் புடிச்சு சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும்தான் தட்டுனேன்.

நான் தாயம்மாள். வெள்ளானூர்ல எங்க ஊட்டு முன்ரூம்ல மிஷின் போட்டு ப்ளவுஸ் தெக்கிறேன். ஆவடி ஃபாக்டரி குவாட்டர்ஸ்லேர்ந்து கூட பொம்பளைங்க என்னத் தேடிக்கினு வருவாங்க. ஏன்னா நான் 'பழைய ப்ளவுஸ் குடுங்க, அதே அளவுல வெட்டிடறேன்'னு சொல்ற ஆளு இல்ல. ஒவ்வொரு தரமும் இஞ்ச் டேப் வெச்சு அளப்பேன். ஒடம்பு மாசத்துக்கு மாசம் மாறும், அளவு ப்ளவுஸுக்கு அது தெரியுமா? இத சொன்னா எங்க ஊட்டுக்காரரு சிரிப்பாரு. "ஒனக்குக் கைல நம்பிக்க இல்ல"ம்பாரு. சிரிக்கட்டும்னு உட்டுருவேன்.

போன பிப்ரவரில அவருக்கு வலது முட்டிய மாத்துனாங்க. சிமெண்டுத் தரைல முப்பத்திரெண்டு வருசம் நின்ன காலு, உள்ள ஒண்ணும் மிச்சம் இல்ல. குமணன்சாவடி பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி. நாலாம் நாளே ஊட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாங்க. "இன்னாம்மா இது, கோழிய வெட்டி அனுப்புற மாதிரி அனுப்புறீங்க?"ன்னு கேட்டேன்.

"பயப்படாதீங்கம்மா, ஊட்டுல இருந்தாலும் நாங்க பாத்துக்கினே இருப்போம்"னு ஒரு ஆயா சொல்லுச்சு. அவரு போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்தாங்க. கைல கட்டிக்க ஒரு பட்டை. அந்தப் பட்டை நாடி எப்படி ஓடுது, எத்தினி அடி நடந்தாருன்னு தானா அனுப்பிரும். காய்ச்சல மட்டும் நாமளே பாத்து ரெண்டு வேளையும் போடணும். கட்டுப் பிரிச்சப்புறம் தெனம் ஒரு தரம் பிளாஸ்திரிய எடுத்துட்டு, புண்ண போட்டோ எடுத்து அனுப்பணும். அந்தப் பக்கம் சைமான்னு ஒரு நர்ஸ் பொண்ணு உக்காந்து பாக்கும். எல்லாம் சரியா இருந்தா பச்ச. சந்தேகம்னா மஞ்ச. ஓடி வான்னா செவப்பு.

கட்டுப் பிரிக்க ஒரு வியாழக்கிழம போனோம், எங்க தெரு யூசுப் ஆட்டோல. முட்டி மேல நீளமா ஒரு கோடு, வரிசையா கிளிப்பு. பாத்தவுடனே 'பரவால்ல, தையல் நேராதான் கீது'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன். பெரிய டாக்டர் கம்ப்யூட்டரப் பாத்தாரு. அதுவரைக்கும் எல்லாம் நெசமாவே பச்ச. வெளிய உக்காந்துகினு கீற பத்துப் பேருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு, "ஜேம்ஸ் சார் மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல. இவரப் பாத்துக் கத்துக்கோங்க."

அவ்ளோதான், முடிஞ்சுது கத. மனுசன் அன்னிக்கு ஆட்டோல நெஞ்ச நிமித்திக்கினு வந்தத நீங்க பாத்திருக்கணும். பருத்திப்பட்டு தாண்டுற வரைக்கும் யூசுப்கிட்ட அதையே மூணு தரம் சொன்னாரு. ஊட்டுக்கு வந்ததும், "இனிமே போட்டோ, காய்ச்சல் எல்லாம் நானே பாத்துக்கறேன், நீ உன் மிஷினப் பாரு"ன்னு ரூம் கதவ சாத்திக்கினாரு. நானும் ஃபோர்மேன் சார் பொறுப்பா கீறாருன்னு உட்டுட்டேன். கல்யாண சீசன் வேற, பதினேழு ப்ளவுஸ் கைல கீது.

அடுத்த புதன்கிழம காலைல பதினோரு மணிக்கு என் போன் அடிச்சுது.

"அம்மா, நான் சைமா பேசறேன். சார் எப்படி இருக்காரு?"

"நல்லாதான் கீறாரு. ஒனக்குத்தான் பச்ச பச்சயா வந்துகினு கீதே?"

"வருதும்மா. ஆனா கைப்பட்டை மட்டும் வேற மாதிரி சொல்லுது. ரெண்டு நாளா நாடி நூறுக்கு மேலயே ஓடுது. நடையும் பாதியா கொறஞ்சிருக்கு. சாருக்குப் போன் பண்ணா, வெயிலுக்கு அப்படித்தான்மான்னு சொல்லி வெச்சிடறாரு. எனக்கு மனசு கேக்கல. வந்த போட்டோவெல்லாம் வரிசையா வெச்சுப் பாத்தேன். தப்பா நெனைக்காதீங்கம்மா. சார் ஆறு நாளா ஒரே கைலியா கட்டியிருக்காரு?"

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு பாருங்க!

"இன்னாது? ஆறு நாளு ஒரே கைலியா? ஏம்மா, எங்க ஊட்ட இன்னான்னு நெனச்ச நீ? எட்டு கைலி கீது அவருக்கு! தெனம் ஒண்ணு துவைச்சு, காய வெச்சு, மடிச்சு பீரோல வெக்கிறேன். துணியிலயே பொழப்பு நடத்துறவ நானு. என்னப் பாத்து ஆறு நாளு அழுக்குக் கைலின்னா கேக்குற? ஆஸ்பத்திரில உக்காந்துகினா வாய்க்கு வந்தது பேசிருவியா?"

வேற பொண்ணா இருந்தா போன வெச்சிருக்கும். இது வெக்கல. நான் மூச்சு வாங்குற வரைக்கும் காத்திருந்துச்சு. அப்புறம் மெதுவா சொல்லுச்சு, "நீலக் கட்டம் போட்டதும்மா. ஓரத்துல ஒரு மஞ்சக் கறை. ஆறு போட்டோலயும் அதே கறை, அதே எடத்துல, அதே மடிப்புல."

அந்த நீலக் கைலிய எனக்குத் தெரியும். சாம்பார் கொட்டுன கைலி. ஊற வெச்சும் கறை போகலன்னு சனிக்கிழமையே அத நாலாக் கிழிச்சு, மிஷின் தொடைக்கிற துணியாக்கிட்டேன். அதுல ஒரு துண்டு என் கண்ணு முன்னாடி மிஷின் மேல கெடக்குது. கிழிச்ச கைலிய இவரு எப்படிக் கட்டிக்கினு போட்டோ எடுப்பாரு?

போனக் காதுலேர்ந்து எடுக்காமயே போயி ரூம் கதவ இடிச்சேன். சாதாரணமா நான் அவர 'ஏங்க'ன்னுதான் கூப்புடுவேன். அன்னிக்கு அது வரல.

"யோவ்! தொறய்யா கதவ!"

தொறந்தாரு. மொகம் செவந்து கெடக்கு, நெத்தில வேர்வ. காலு மேல ஒரு துண்டப் போத்தி வெச்சிருந்தாரு. நான் துண்ட உருவுனேன், பிளாஸ்திரியப் பிரிச்சேன். ஐயோ மாதாவே! கோட்டோட கீழ்ப்பாதி முழுக்க செவந்து, தோலு பளபளன்னு விறைச்சுக்கினு கீது. கடைசி ரெண்டு கிளிப்பு நடுவுல மஞ்சளா ஈரம். கைய மேல வெச்சேன், தோசக்கல்லு மாதிரி சுட்டுது.

"இன்னாய்யா இது?"

அவரு என்னப் பாக்கல. செவுத்தப் பாத்துக்கினே சொன்னாரு, "கட்டுப் பிரிச்ச அன்னிக்குப் புண்ணு நல்லா இருந்துச்சு தாயி. அன்னிக்கே பன்னெண்டு போட்டோ எடுத்து வெச்சுக்கினேன். தெனம் ஒண்ணு அனுப்பிக்கினு இருந்தேன். காய்ச்சலுக்கு... தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுன்னு போட்டுக்கினு வந்தேன்."

நல்ல பீஸாப் பொறுக்கி டிரேல வெச்சாரு பாருங்க, அதே வேல! சொந்தக் காலுக்கே!

"புண்ணுல செவப்பு திங்கக்கிழமதான் வந்துச்சு," அவரு இன்னும் சொல்லிக்கினு கீறாரு. "மிஷின்ல சின்னதா சத்தம் வந்தா தானா அடங்கிரும்ல, அந்த மாதிரி அடங்கிரும்னு நெனச்சேன். அவ்ளோ பேரு முன்னாடி டாக்டரு சொன்னாரு, என்னப் பாத்துக் கத்துக்கச் சொல்லி. மறுவாரமே போயி, எனக்கு சரியில்லன்னு எப்படி சொல்றது?"

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைப்பியா நீ? பீஸு போனா ஸ்கிராப்புல போடுவ. காலு போனா இன்னாய்யா பண்ணுவ? எங்க போயி வாங்குவ?" எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. ரெண்டுல கோவந்தான் மொதல்ல வெளிய வந்துச்சு.

காதுல சைமா குரலு. "அம்மா, அம்மா! சாரத் திட்டுறத அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப நான் சொல்றத செய்யுங்க. மொதல்ல காய்ச்சல் பாருங்க."

பாத்தேன். நூத்தியொண்ணு புள்ளி ஆறு. அதுவும் காய்ச்சலையும் அடக்குற வலி மாத்திரை முழுங்குன ரெண்டு மணி நேரத்துல. போட்டோ எடுத்து அனுப்புன்னுச்சு. கை நடுங்குது, ரூம்ல வெளிச்சம் பத்தல. மூணு எடுத்தேன், மூணும் கலங்கல்.

"செவப்பு எவ்ளோ தூரம் பரவியிருக்குன்னு இதுல தெரியலம்மா," சைமா சொல்லுச்சு.

"அளவுதானே வேணும் ஒனக்கு? இரு."

அந்த எடத்துல என் நடுக்கம் நின்னு போச்சு. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. அளவுன்னு ஒரு வார்த்த காதுல உழுந்தா என் கை தானா நேராயிரும். இஞ்ச் டேப்ப ஸ்பிரிட் பஞ்சால தொடச்சேன். பால் பேனாவால செவப்போட ஓரம் எங்க முடியுதோ அத ஒட்டியே சுத்தி வரஞ்சேன், துணில கழுத்து வரையிற மாதிரி. புண்ணத் தொடல. "நீளம் நாலே முக்கா. அகலம் மூணே கால். மணி பதினொண்ணு இருவது. எழுதிக்கோ"ன்னேன். அவர ஜன்னலோரமா நவுத்தி உக்கார வெச்சு, டேப்பப் பக்கத்துல புடிச்சுக்கினு மறுபடி போட்டோ எடுத்தேன். இந்தத் தரம் கண்ணாடி மாதிரி வந்துச்சு.

சைமா டூட்டி டாக்டர்கிட்ட போச்சு. கொஞ்ச நேரத்துல திரும்பப் பேசுனப்ப குரலு இறங்கியிருந்துச்சு. "அம்மா, 'இன்னிக்கே வரச் சொல்லட்டுமா சார்'னு டூட்டி டாக்டரக் கேட்டேன். வந்ததெல்லாம் பழைய போட்டோன்னு சொன்னாலும் நம்பல. ஆறு நாளா எல்லாம் பச்சையா இருக்கு, திடீர்னு எப்படி இப்படி ஆகும், ஒரு நாள் பாக்கலாம், நாளைக்கு ஓ.பி.ல கூட்டிட்டு வரச் சொல்லுன்னு சொல்றாரு. பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு. நான் அவருக்குக் காத்துட்டு இருக்கேன். நீங்க கோட்டப் பாத்துக்கிட்டே இருங்க. ஒரு நூல் தாண்டுனாலும் எனக்குச் சொல்லுங்க."

பாத்தீங்களா? எங்காளு போட்ட பச்சயே அவரு காலுக்கு எதிரா நிக்குது. இத அவரும் கேட்டாரு, அளக்குறப்பவே போன ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்.

நான் அவரு காலுகிட்டயே ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டேன். ப்ளவுஸ் வாங்க ரெண்டு பேரு வந்தாங்க, நாளைக்கு வாங்கன்னு வாசல்லயே அனுப்பிட்டேன். பன்னெண்டு மணிக்குக் கோடு கோடாவே இருந்துச்சு. பன்னெண்டரைக்குக் கீழ்ப்பக்கம் செவப்பு கோட்டத் தொட்டுக்கினு நின்னுச்சு. ஒண்ணு பத்துக்குத் தாண்டிடுச்சு. டேப் வெச்சேன். அர இஞ்ச். போட்டோ எடுத்து அனுப்பிட்டு நானே போன் பண்ணேன்.

"சைமா, அர இஞ்ச் தாண்டிடுச்சு. முப்பது வருசமா டேப் புடிக்கிற கை இது, தப்பாது. ஒன் டாக்டர் நாளைக்குன்னு சொல்றாரா, இன்னிக்குன்னு சொல்றாரா?"

"கெளம்புங்கம்மா," அது சொல்லுச்சு. "இப்பவே கெளம்புங்க. போட்டோ ரெண்டையும் எடுத்துக்கிட்டு நான் தியேட்டர் வாசலுக்கே போறேன்."

யூசுப் சாப்பாட்டுல கை வெச்சிருந்தாரு. அப்படியே எழுந்து வந்தாரு. ஆவடி சிக்னல்ல நிக்கும்போது எங்க ஊட்டுக்காரரு என் கையப் புடிச்சுக்கினு, "தாயி, கால எடுத்துருவாங்களா?"ன்னு கேட்டாரு. முப்பத்தி நாலு வருச கல்யாணத்துல அவரு என்கிட்ட பயந்து ஒரு கேள்வி கேட்டது அதான் மொத தரம். "எடுக்க உட்டுருவனா?"ன்னேன்.

நாங்க போறதுக்கு முன்னாடியே சக்கர நாற்காலி வாசல்ல நின்னுச்சு. அதப் புடிச்சுக்கினு கண்ணாடி போட்டு ஒல்லியா ஒரு பொண்ணு, தலைல முக்காடு. குரலக் கேட்டுத்தான் அதுதான் சைமான்னு தெரிஞ்சுக்கினேன். கரையான்சாவடிப் பொண்ணு, இருவத்தாறு வயசுகூட இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு தியேட்டர் உள்ள கூட்டிக்கினு போனாங்க. பெரிய டாக்டர் வெளிய வரும்போது ஆறேகால்.

"மூட்டு தப்பிச்சிருச்சு"ன்னாரு. "சீழு இன்னும் ஆழத்துக்குப் போகல. உள்ள கழுவி, புது மூட்டுக்கு நடுவுல இருக்கிற பிளாஸ்டிக்க மட்டும் மாத்தியிருக்கேன். நாளைக்கு ஓ.பி.க்கு வந்திருந்தா மொத்த மூட்டையும் கழட்டியிருக்க வேண்டி வந்திருக்கும். ஆறு வாரம் மூட்டே இல்லாம படுத்திருப்பாரு." அப்புறம் கேட்டாரு, "பேனாக் கோடு போட்டது எந்த நர்ஸ்? நேரத்தோட அளவு குறிச்சு, ரொம்ப சுத்தமா போட்டிருக்காங்க."

"நர்ஸு இல்ல சார்," நான் எழுந்து நின்னேன். "டெய்லரு."

டாக்டர் சிரிச்சாரு. பக்கத்துல நின்ன டூட்டி டாக்டர் தரையப் பாத்துக்கினு இருந்தாரு. எனக்கு அவரு மேல கோவம் இல்ல, எங்காளு அனுப்புனதத்தான் அவரு நம்புனாரு. நான் சைமாகிட்ட போனேன். "காலைல ஒன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத"ன்னேன். "பரவால்லம்மா, எங்க ஊட்டுலயும் கைலியப் பத்திப் பேசுனா எங்கம்மா இதத்தான் சொல்லுவாங்க"ன்னுச்சு. ஆறு போட்டோல ஒரு கறையப் பாத்த கண்ணு அது. அந்தக் கண்ணுக்கு சுத்திப் போடணும்னு தோணுச்சு. ஆஸ்பத்திரில மொளகாவுக்கு எங்க போறது, கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சேன்.

பத்து நாளு கழிச்சு ஊட்டுக்கு வந்தோம். மறுபடியும் ஆப், மறுபடியும் பட்டை. இந்தத் தரம் ஆப்ப என் போன்ல போட்டுக்கினேன். அவரு ஒண்ணும் கேக்கல. காய்ச்சல் பாரு, போட்டோ எடு, மாத்திரை குடுன்னா, சரி சரின்னு இருந்தாரு. பேச்சே கொறஞ்சு போச்சு. அதப் பாக்கத்தான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அடங்குன மனுசன நான் கேக்கலியே.

அந்த ஞாயித்துக்கிழம கம்பெனிப் பசங்க நாலு பேரு பாக்க வந்தாங்க. ஆப்பிளு, ஆர்லிக்ஸு, ஒரு பெரிய பிஸ்கோத்து டப்பா. அவருக்குக் கீழ வேல கத்துக்கினு, இப்ப அதே லைனுக்கு ஃபோர்மேன் ஆகிட்ட அஸ்வினும் வந்திருந்தான். "எங்க ஃபோர்மேன் சாருக்கு இன்னா, ஸ்டீல் பாடி! பாரு, சிங்கம் மாதிரி உக்காந்திருக்காரு!"ன்னு அவன் சொல்ல, எல்லாரும் சிரிக்க, இவரும் லேசா சிரிச்சாரு. நான் காபி குடுத்துக்கினு இருந்தேன். அப்பதான் என் போன் கூவுச்சு. ஆப்தான். பத்துக்கு எத்தினி வலின்னு கேக்குது.

நாலு ஆம்பளைங்க முன்னாடி கேக்க வேணாம், அப்புறம் போட்டுக்கலாம்னு போன மடில கவுத்துட்டேன்.

"இன்னா கேக்குது?"ன்னாரு அவரு.

"ஒண்ணும் இல்ல. வலி எத்தினின்னு கேக்குது. அப்புறம் போட்டுக்கலாம்."

"இப்பவே போடு," அவரு சொன்னாரு. "ஏழு."

ரூம்ல சிரிப்பு நின்னுச்சு. அஸ்வின்தான் மொதல்ல வாயத் தொறந்தான். "அண்ணே, உங்களுக்கா ஏழு? சும்மா ஒரு மூணு நாலு போட சொல்லுங்கண்ணே."

"வலிக்குதுடா அஸ்வின். ராத்திரில திரும்பிப் படுக்க முடியல. ஏழுதான்." காபி டம்ளரக் கீழ வெச்சாரு. "என் லைன்ல ரிஜெக்ட் வந்ததில்லன்னு அன்னிக்கு மைக்குல சொன்னேன் இல்ல? வரலன்னு இல்லடா. நான் காட்டல. உங்களுக்கும் அதையேதான் கத்துக் குடுத்துட்டு வந்திருக்கேன். இந்தக் காலும் அப்படித்தான் போயிருக்கும். இவ டேப்பப் புடிச்சதாலதான் காலு கீது. நாளைக்கு ஷிஃப்டுக்குப் போனா, மணிக்கு ஒரு தரம் எழுந்து போயி ஃபர்னஸப் பாத்து எழுது. கால் வலிச்சாலும் போ."

அஸ்வின் தலைய ஆட்டுனான். நான் ஏழ அமுக்குனேன். முப்பத்தி நாலு வருசம் இந்த மனுசனோட குடித்தனம் பண்ணிக்கினு கீறேன். ஃபோர்மேன் ஆன அன்னிக்கு, ஊடு கட்டி முடிச்ச அன்னிக்கு, எல்லாத்துக்கும் பெருமப்பட்டிருக்கேன். இவருதான் என் புருசன்னு அந்த நாலு பேரு முன்னாடி எழுந்து நின்னு கத்தணும் போல அன்னிக்கு இருந்துச்சு. கத்தல, கண்ணுதான் கலங்கிருச்சு.

ஆப்புல மஞ்ச எரிஞ்சுது. ரெண்டு நிமிசம்கூட ஆகல, சைமா கூப்புட்டுச்சு. நான் எடுக்கறதுக்குள்ள அவரு கைய நீட்டி என் மடிலேர்ந்து போன எடுத்துக்கினாரு.

"சொல்லும்மா சைமா, ஜேம்ஸ் பேசறேன். ஆமா, ஏழு. இல்லம்மா, தப்பா அமுக்கல. நானே சொல்லித்தான் தாயி போட்டா."